தர்மபுரியில் இருந்துகொண்டே துருவ ஆய்வைத் தொடங்குவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அறிவியல் படிக்கும் பிள்ளைகளிடம் அண்டார்டிகா ஆய்வைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அங்கே எப்படிப் போவது?" என்பதுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதியை ஒரு சாதாரண கணினி, இணையம், கல்லூரி வேதியியல் ஆய்வகம் இவற்றை வைத்தே இங்கே செய்துவிடலாம். துருவங்களை ஆராயும் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் பனியில் நிற்பது சில வாரங்கள் அல்லது சில மாதங்கள்தான். மற்ற காலமெல்லாம் அவர்களுக்கு ஆய்வகமும் கணினியும்தான். அவர்கள் பயன்படுத்தும் தரவுகளில் பலவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவர்களுடைய ஆய்வு முறைகளில் சிலவற்றை நம் ஊர் கல்லூரிகளிலேயே வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுரை பிளஸ் டூ முடித்தவர்கள், பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிப்பவர்கள், ஐடிஐ முடித்தவர்கள் எல்லோருக்குமானது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆர்க்டிக் என்பது சுற்றிலும் நிலம் சூழ்ந்த கடல். அண்டார்டிகா சுற்றிலும் கடல் சூழ்ந்த நிலம். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆர்க்டிக் நடுவில் இருக்கும் பனி கடல்நீர் உறைந்து மிதப்பது, சில மீட்டர் தடிமன்தான் இருக்கும். அண்டார்டிகாவில் நிலத்தின் மேல் பனி கிலோமீட்டர் கணக்கில் ஏறி நிற்கிறது.

மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கும்படி விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள், உருகிய பிறகும் வழியாது. நிலத்தில் இருக்கும் பனி கடலுக்கு வந்தால்தான் மட்டம் ஏறும். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் 7 மீட்டருக்கு மேல் உயரும், அண்டார்டிகாப் பனி முழுவதும் உருகினால் சுமார் 58 மீட்டர். செய்தியில் "துருவப் பனி உருகுகிறது" என்று பார்த்தால் எந்தப் பனி, மிதப்பதா நிலத்தில் இருப்பதா என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

அப்படியானால் மிதக்கும் பனி குறைந்தால் பரவாயில்லையா? அதுவும் இல்லை. பனி மூடிய கடல் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் பெரும்பாலானதை விழுங்கிக்கொள்ளும். பனி குறையக் குறையக் கடல் சூடாகும், சூடாகச் சூடாகப் பனி இன்னும் குறையும். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக், உலக சராசரியைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு வேகமாகச் சூடானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடலே இல்லாத மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நமக்கு வருவது மழை வழியாக. மானாவாரிக் கேழ்வரகும் நிலக்கடலையும் மாந்தோப்பும் மழையை நம்பியே இருக்கின்றன. ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடையில் பனி குறைவதற்கும், பருவமழையின் கடைசிக் கட்டத்தில் மத்திய இந்தியாவில் கொட்டும் அதிகனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இந்திய ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள். 'இருக்கலாம்' என்ற அளவில்தான் அது நிற்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு மேடையில் பேசிவிடாதீர்கள்.

கடற்பனித் தரவை எடுத்து நீங்களே வரைபடம் போடுங்கள்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தேசியப் பனித் தரவு மையம் இருக்கிறது. சுருக்கப் பெயர் என்எஸ்ஐடிசி. 1978-இன் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்த கடற்பனிப் பரப்பை 'சீ ஐஸ் இண்டெக்ஸ்' என்ற பெயரில் அவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். தேடலில் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் போட்டால் வந்துவிடும். வடக்குக்கு ஒரு கோப்பு, தெற்குக்கு ஒரு கோப்பு. எக்ஸெலிலோ லிப்ரே ஆபீஸிலோ அப்படியே திறக்கலாம்.

உள்ளே ஆண்டு, மாதம், நாள், பரப்பு என்று நிரல்கள் இருக்கும். பரப்பின் அலகு பத்து லட்சம் சதுர கிலோமீட்டர். 3.4 என்றிருந்தால் 34 லட்சம் சதுர கி.மீ. வடக்குக் கோப்பில் ஒவ்வோர் ஆண்டின் செப்டம்பர் நாட்களை மட்டும் வடிகட்டி, சராசரி எடுத்து, ஆண்டு வாரியாகக் கோடு போடுங்கள். செப்டம்பரில்தான் ஆர்க்டிக் பனி ஆண்டிலேயே குறைந்த அளவுக்கு வரும். 1980-களில் சராசரி 70 லட்சத்தை ஒட்டி இருக்கும், பிறகு ஏறி இறங்கிக்கொண்டே கீழே வரும். 2012 செப்டம்பரில் ஒரு கட்டத்தில் 34 லட்சத்துக்குப் போனது, இதுவரையிலான செயற்கைக்கோள் பதிவில் அதுதான் மிகக் குறைவு. இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கி.மீ. என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம். கோட்டுக்குப் போக்குக்கோடு போட்டால், 1981–2010 சராசரியை வைத்து, பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் என்ற வேகத்தில் குறைவு தெரியும். உங்கள் விடை அதன் பக்கத்தில் வந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 1987 ஆகஸ்டு வரைக்கும் தரவு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இருக்கும். 1987 டிசம்பரிலிருந்து 1988 ஜனவரி நடுப்பகுதி வரை செயற்கைக்கோள் கோளாறால் தரவே இல்லை. இதைக் கவனிக்காமல் ஆண்டுச் சராசரி எடுத்தால், குளிர்கால நாட்கள் விடுபட்ட அந்த ஆண்டுகள் பொய் சொல்லும்.

இன்னொன்று, இந்தக் கோப்பில் 'பரப்பு' என்றால் என்ன என்பது. படத்தின் ஒரு கட்டம் சுமார் 25 கி.மீ. பக்கம் கொண்டது. அதில் 15 சதவீதமோ அதற்கு மேலோ பனி இருந்தால் முழுக் கட்டத்தையும் பனிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே உண்மையான பனி இதைவிடக் குறைவு. வேறு மையங்களின் எண்ணோடு ஒப்பிடும்போது இந்த வரையறை ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பிரெமென் பல்கலைக்கழகம் நாள்தோறும் வெளியிடும் கடற்பனிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டம் சிறிதானால் பனி விளிம்பு எவ்வளவு துல்லியமாக மாறுகிறது என்பது அதில் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து தெற்குக் கோப்பைத் திறங்கள். வடக்கில் பார்த்ததை வைத்து இங்கேயும் இறங்குமுகம் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2014 வரை அண்டார்டிகாக் கடற்பனி மெல்லக் கூடிக்கொண்டுதான் வந்தது, அந்த ஆண்டு செப்டம்பரில் 2 கோடி சதுர கி.மீ.யைத் தாண்டியது. 2016-க்குப் பிறகு திடீரென்று சரிவு. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு குளிர்காலத்தில் எட்டிய உச்சமும் 170 லட்சத்துக்குள் நின்றுவிட்டது, செயற்கைக்கோள் பதிவிலேயே அவ்வளவு குறைந்த உச்சம் கிடையாது. இது ஏன் என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு நான் இந்தக் கோப்பைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். விடை தெரிந்த கணக்கைப் போடுவதைவிட, இன்னும் விடை கிடைக்காத ஒன்றைக் கையில் எடுப்பதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

பனி உருளை: உங்கள் கிணற்று நீர்ப் பரிசோதனை இங்கே உதவும்

அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் விழும் பனி உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு அடுக்காக அமுங்குகிறது. அதைத் துளையிட்டு உருளையாக எடுத்தால் கீழே போகப் போகப் பழைய காலம். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் 3,200 மீட்டருக்கு மேல் துளையிட்டு 8 லட்சம் ஆண்டுப் பனியை எடுத்தன. அதன் காற்றுக் குமிழ்களில் உள்ள கரியமில வாயுவைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். அந்த 8 லட்சம் ஆண்டில் அது பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று 420-க்கு மேல் இருக்கிறது. அதே பகுதியில் இன்னோர் இடத்தில் அடிப்பாறை வரை துளையிட்டு, குறைந்தது 12 லட்சம் ஆண்டுப் பழமையான பனியை எடுத்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

அந்தக் கால வெப்பநிலை எப்படித் தெரியும்? தண்ணீரில் சாதாரண ஆக்சிஜனோடு கொஞ்சம் கனமான ஆக்சிஜனும் கலந்திருக்கும். மேகம் குளிரக் குளிரக் கனமானது முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடும். ஆகவே துருவத்தில் விழும் பனியில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு குறைவோ, அந்தக் காலம் அவ்வளவு குளிராக இருந்திருக்கும். இதைக் கண்டவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் வில்லி டான்ஸ்கார்ட். 1952-இல் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாட்டிலில் புனலைச் செருகி மழைநீர் பிடித்து அளந்ததில்தான் அவருக்கு இந்த வழி திறந்தது. 1966-இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1,387 மீட்டர் ஆழம் வரை எடுத்த பனி உருளையில் அந்த முறையைக் கையாண்டு பழைய தட்பவெப்ப வரலாற்றை வாசித்தார்.

இந்தத் தரவும் இலவசம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் பழங்காலத் தட்பவெப்பக் காப்பகத்தில் கிடைக்கும். இறக்கியதும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அதில் 'இன்றைக்கு முன்' என்று போட்டிருந்தால் அந்த 'இன்று' 1950-ஆம் ஆண்டு. அப்புறம், ஒரே ஆழத்தில் இருக்கும் பனிக்கும் காற்றுக் குமிழுக்கும் வயது ஒன்றல்ல. பனி பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அமுங்கிய பிறகே குமிழ் மூடிக்கொள்கிறது, அதுவரை மேலே இருக்கும் காற்று உள்ளே வந்துபோகும். ஆகவே காற்று எப்போதும் பனியைவிட இளையது. வெப்பநிலையையும் வாயுவையும் ஒரே படத்தில் போடும்போது இரண்டுக்கும் தனித்தனி வயது நிரல்களை எடுக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் ஃபுளூரைடு அதிகம் என்பது வீட்டுக்கு வீடு தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். வேதியியல், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் பலர் கிணற்று நீரில் ஃபுளூரைடு அளப்பதைத் திட்ட ஆய்வாகச் செய்கிறார்கள். அதே வேலையைத்தான் பனி உருளை ஆய்வகங்களிலும் செய்கிறார்கள். உருக்கிய பனியை, நீரில் கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தி, சோடியம் கடல் உப்பிலிருந்து வந்தது, கால்சியம் தூசியிலிருந்து வந்தது, சல்பேட் திடீரென்று எகிறினால் எரிமலை என்று படிப்பார்கள். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்த தடம் கிரீன்லாந்துப் பனியிலும் இருக்கிறது, அண்டார்டிகாப் பனியிலும் இருக்கிறது.

பெரிய வித்தியாசம் அளவில்தான். குடிநீரில் ஃபுளூரைடுக்கு அதிகபட்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். துருவப் பனியில் தேடுவது மைக்ரோகிராம்கள், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. விரல் வியர்வை பட்டாலே மாதிரி கெட்டுவிடும். ஆகவே கிணற்று நீர்த் திட்டத்தைச் செய்யும்போதே துருவ ஆய்வகத்துக்குப் போகிறவர்போல் பழகுங்கள். ஒவ்வொரு தொகுப்போடும் வெறும் தூயநீரை ஒரு மாதிரியாக வைத்து அளக்க வேண்டும். ஒரே நீரை மூன்று முறை அளந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். பாட்டிலை எதனால் கழுவினீர்கள், எந்தத் தேதியில் எடுத்தீர்கள், யார் எடுத்தார்கள் என்று நோட்டில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருக்கும் பி.எஸ்சி. அறிக்கையை எந்தப் பேராசிரியரும் மதிப்பார்.

சுற்றுச்சூழல் மாசு பக்கம் ஆர்வம் இருந்தால் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழக மாணவி அலெக்ஸ் ஏவ்ஸ் அண்டார்டிகாவின் ராஸ் தீவுப் பகுதியில் 19 இடங்களில் புதுப்பனியை எடுத்தார். அத்தனையிலும் நுண் பிளாஸ்டிக் இருந்தது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் தன் உடையிலிருந்து உதிர்ந்த இழைகளைக் கழித்துக் கணக்கிட என்ன செய்தார் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

கேஆர்பி அணையை அளந்து பழகிவிட்டு ஷிர்மாக்கருக்குப் போங்கள்

செயற்கைக்கோள் படங்களில் வேலை செய்ய க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஐரோப்பாவின் கோபர்நிகஸ் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம்.

முதலில் தெரிந்த இடத்தை எடுங்கள். கேஆர்பி அணையோ பாரூர் ஏரியோ உங்கள் ஊர் ஏரியோ, கோடையில் ஒரு படம், மழை முடிந்து ஒரு படம். நீர்ப்பரப்பைப் பிரித்து ஹெக்டேரில் கணக்கிடுங்கள். நேரில் போய்க் கரையைப் பார்த்து, கணினி தண்ணீர் என்று சொன்ன இடம் உண்மையில் தண்ணீர்தானா, ஆகாயத்தாமரையா, சேறா என்று சரிபார்க்கலாம். அண்டார்டிகாவில் இந்த வசதி கிடைக்காது என்பதால்தான் இங்கே பழகச் சொல்கிறேன்.

அடுத்து ரேடார் படம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் பக்கம் வந்து நின்று, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த நாட்களின் சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், இருட்டிலும் பார்க்கும். அப்போது மேலே ஒரு சென்டினல்-1 மட்டுமே வேலை செய்தது, ஒரே பாதையில் திரும்பி வர 12 நாள். வெள்ளத்தன்று படம் இல்லாமல் போகலாம், அதுவும் ஒரு பாடம்தான். மாதக்கணக்கில் இருட்டும் ஓயாத மேகமும் உள்ள துருவத்தில் ரேடாரை விட்டால் கதியில்லை. அமைதியான தண்ணீர் ரேடாரில் கறுப்பாக வரும், காற்று அடித்து அலை எழுந்தால் வெளுத்துவிடும். துருவக் கடலில் அந்த வெளுப்பைப் பனி என்று கணினி நினைத்துவிடுவது பழைய தலைவலி.

இதெல்லாம் கை பழகியதும் ஷிர்மாக்கர் பாலைச்சோலைக்குப் போங்கள். அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் 1989-லிருந்து இருக்கும் பாறைப் பகுதி அது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. மைத்ரிக்குக் குடிநீர் தருவது பிரியதர்ஷினி ஏரி. கோடையில், அதாவது டிசம்பரிலும் ஜனவரியிலும், அந்த ஏரிகளின் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது எம்.எஸ்சி. திட்ட ஆய்வுக்கே தாராளமாகப் போதும்.

படிப்பும் தேர்வும்

பி.எஸ்சி.யில் எந்த அறிவியல் பாடமும் உதவும். இயற்பியல், வேதியியல், புவியியல், நிலவியல், நுண்ணுயிரியல், தாவரவியல் எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. கணிதமும் பைதான் என்ற கணினி மொழி கொஞ்சமும் தெரிந்தால் பிழைத்துக்கொள்வீர்கள். முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பாருங்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. ஆராய்ச்சிக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்று தனித்தாள் உண்டு. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லலாம்.

இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு பி.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு தேசிய ஆய்வகத்தில் வேலை செய்யும் வாய்ப்பு. நம் ஊர் மாணவர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

யாருக்கு எழுதுவது

இந்தியாவில் இந்தத் துறையின் தலைமையகம் கோவாவின் வாஸ்கோட காமாவில் இருக்கும் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். அண்டார்டிகாவில் இருக்கும் மைத்ரி, அங்கேயே 2012-இல் திறந்த பாரதி, நார்வேயின் நி-ஆலசண்டில் 2008-இல் திறந்த ஹிமாத்ரி, இமயமலையின் ஸ்பிட்டியில் இருக்கும் ஹிமான்ஷ் ஆகிய ஆய்வு நிலையங்கள் எல்லாம் அதன் பொறுப்பில் வருகின்றன.

அங்கேயோ வேறு பல்கலைக்கழகத்திலோ ஒரு விஞ்ஞானிக்கு எழுதும்போது "எனக்குத் துருவ ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேளுங்கள். நீங்கள் போட்ட கடற்பனி வரைபடத்தையோ கிணற்று நீர் அறிக்கையையோ இணையுங்கள். எத்தனை மாதம், எந்த மாதத்திலிருந்து வர முடியும் என்று சொல்லுங்கள். எட்டு, பத்து வரி போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, எப்படிப் போவது

இந்தியாவின் முதல் அண்டார்டிகாப் பயணம் 1981-இல் எஸ். இசட். காசிம் தலைமையில் கிளம்பியது. இப்போது கோவா மையம் பயணங்களுக்கான ஆய்வுத் திட்டங்களைப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்டு வாங்குகிறது. திட்டத்தைக் கொடுப்பவர் பேராசிரியர், அது தேர்வானால் அவருடைய ஆய்வு மாணவர் போகலாம். ஆகவே முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேடும்போதே அவருக்குத் துருவத் திட்டம் ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெயர் சேர்ந்த பிறகு டெல்லி எய்ம்ஸில் கடுமையான மருத்துவப் பரிசோதனை, உத்தராகண்டின் ஆலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிடம் பனிப் பயிற்சி. பெரும்பாலும் கேப் டவுன் போய், அங்கிருந்து விமானத்திலோ கப்பலிலோ அண்டார்டிகா. கோடைக் குழு சில மாதங்களில் திரும்பும், குளிர்காலக் குழு ஓர் ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கும்.

அங்கே விதிகள் கடுமை. அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறையும் இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு அண்டார்டிகாச் சட்டமும் அனுமதி இல்லாமல் வெளி உயிர் எதையும் கொண்டுபோகத் தடை விதிக்கின்றன. பூட்ஸின் அடியிலும் பையின் வெல்குரோ பட்டையிலும் ஒட்டியிருக்கும் விதையைக்கூடச் சுத்தம் செய்ய வேண்டும். நம் ஊர்ப் பார்த்தீனியம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும்.

விஞ்ஞானிகள் மட்டும் போவதில்லை. ஜெனரேட்டர் நின்றால் நிலையமே நின்றுவிடும். டீசல் மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன், கிரேன் ஓட்டுநர், வெல்டர், பிளம்பர், தச்சர், சமையல்காரர், மருத்துவர் என்று ஒப்பந்தப் பணிக்கு ஆட்களை எடுக்கிறார்கள். ஓசூர் தொழிற்சாலைகளிலும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஒர்க்‌ஷாப்களிலும் கனரக டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் உள்ளவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். ஐடிஐ அல்லது டிப்ளமோ சான்றிதழ், அனுபவச் சான்று இரண்டும் முக்கியம். பட்டறை முதலாளியிடம் எந்த எஞ்சினில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்தீர்கள் என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வையுங்கள். அறிவிப்பு கோவா மையத்தின் இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், சான்றிதழில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.